சூரன் தொட்ட கண்ணி

கரவெட்டிப் பக்கம் சாதியைப் பற்றிக் கதைத்தால் இரண்டு பதில்கள் உடனே வரும். "இப்ப எல்லாரும் படிச்சிட்டினம், அதெல்லாம் போச்சுது" என்பது ஒன்று. "சட்டம் இருக்குத்தானே, பிறகென்ன?" என்பது மற்றது. ஒரு காரணத்தை மாற்றினால் முழுவதும் மாறிவிடும் என்ற கணக்கு இரண்டிலும் இருக்கிறது. எங்கட ஊரின் வரலாறு அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

முறைமைச் சிந்தனை எண்டு ஒன்றிருக்கிறது. ஒரு பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பார்க்காமல், அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்று பார்ப்பதுதான் அது. விளைவு திரும்பிவந்து தன் காரணத்தையே பலப்படுத்தும் வட்டங்களை அது தேடும்.

தீண்டாமையை அப்படிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. குடிக்கவும் குளிக்கவும் கிணறுதான். கிணறு வெட்டக் காணி வேண்டும். காணி இல்லாதவர்கள் அடுத்தவரின் கிணற்றடியில், ஆரும் தண்ணி அள்ளி ஊத்தும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது. தண்ணி தருபவரே குடியிருக்க நிலமும் தருபவர், வேலையும் தருபவர். அவரை எதிர்த்து என்னெண்டு வாய் திறப்பது? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் வாங்கில் இடமில்லை, நிலத்தில்தான் இருக்க வேணும். படிப்பு இல்லாததால் வேறு தொழில் இல்லை. வேறு தொழில் இல்லாததால் காணி வாங்க வழியில்லை. வட்டம் மூடிவிட்டது.

1914இல் சைவப்பெரியார் சூரன் தொடங்கிய பள்ளிக்கூடம், இன்றைய தேவரையாளி இந்துக் கல்லூரி, இந்த வட்டத்தின் ஒரு கண்ணியில் கை வைத்தது. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது மட்டும் அதன் வேலையல்ல. அந்தச் சமூகத்திலிருந்தே ஆசிரியர்கள் உருவாக அது வழி திறந்தது. படித்த பிள்ளை ஆசிரியராகத் திரும்பிவந்தால் அடுத்த தலைமுறைக்குக் கதவு இன்னும் அகலத் திறக்கும். எழுத்தாளர் தெணியான் அங்கே படித்து, அங்கேயே படிப்பித்தவர். மூடிய வட்டத்துக்கு எதிராக ஓர் எதிர்வட்டம் சுழலத் தொடங்கியது.

அதே காலத்தில் மேலிருந்து வந்த மாற்றத்துக்கு நடந்தது வேறு. 1930ஐ ஒட்டி, அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் உத்தரவிட்டது. குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. காணி, கிணறு, வேலை எல்லாம் பழையபடி இருக்க, வாங்கு மட்டும் மாறியபோது மற்றக் கண்ணிகள் திருப்பி இழுத்தன.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் தேத்தண்ணிக் கடையில் போத்தலில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர் யார்மேல் முறையிடுவார்? முறைப்பாடு கொடுத்தவர் வேலைக்கும் தண்ணிக்கும் திரும்ப அதே ஆக்களிடம்தான் போக வேணும். சட்டம் கடதாசியில் கிடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்ட பிறகுதான் தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் குடாநாடெங்கும் சூடுபிடித்தன. கரவெட்டியின் கன்பொல்லையும் ஒரு களம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. 1971இல் சட்டம் திருத்தப்பட்டுக் கடுமையானது.

ஆக, எது சாதித்தது? சூரனின் பள்ளிக்கூடமா, 1945இல் வந்த இலவசக் கல்வியா, சட்டமா, போராட்டமா? கேள்வியே பிழை என்று நினைக்கிறோம். படித்த தலைமுறை இல்லாமல் அந்தப் போராட்டத்துக்கு அவ்வளவு குரல் வந்திராது. போராட்டம் இல்லாமல் சட்டத்துக்கு உயிர் வந்திராது. ஒன்று திறந்த இடைவெளிக்குள்ளால்தான் மற்றது நுழைந்தது.

இதை இன்றைக்கும் பொருத்திப் பார்க்கலாம். பள்ளிக்கூடக் கண்ணி பெருமளவு அறுந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையும் அப்படித்தான். ஆனால் கலியாணப் பேச்சில் சாதி முதல் கேள்வியாக வருகிறது. காணி உறுதியிலும் கோயில் நிர்வாகத்திலும் பழைய கோடுகள் தெரிகின்றன. "படிச்சிட்டினம், முடிஞ்சுது" என்று சொல்லும்போது இந்தக் கண்ணிகளை நாங்களே பார்வையிலிருந்து மறைக்கிறோம்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கோ. உங்கட அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கோ: உங்கட ஒழுங்கையில் கிணறு ஆற்ற வளவுக்குள்ள இருந்தது, ஆர் அள்ளினது, ஆர் காத்து நிண்டது? பிறகு அந்தக் காணி இப்ப ஆற்ற பேரில் இருக்கு எண்டும் கேளுங்கோ. கண்ணிகளைத் தேட அங்கே இருந்து தொடங்கலாம்.