தற்காலிகம் என்றொரு சொல்

1948ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையின் தலைப்பு ‘தற்காலிக’ என்னும் சொல்லோடு தொடங்குகிறது. அமினாப்டெரின் என்ற மருந்தினால் குழந்தைகளின் கடும் இரத்தப் புற்றுநோயில் கிடைத்த தற்காலிகத் தணிவுகளைப் பற்றியது அது. எழுதியோர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சிட்னி ஃபார்பரும் அவருடைய குழுவினரும். குழந்தைப் புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை இங்கிருந்தே தொடங்குகிறது என்பர் மருத்துவ வரலாற்றாசிரியர். அது சரியே. ஆனால் அந்த முதற்சொல்லை வீட்டு வாசலில் நின்று படித்துப் பார்த்தவர்கள் குறைவு என்றே தோன்றுகிறது.

அதற்கு முன்பு என்ன இருந்தது? இந்நோய்க்கு ‘லுக்கேமியா’ என்று ஜெர்மானிய அறிஞர் விர்ஹோ பெயர் சூட்டியது 1847இல். அதன்பின் சரியாக ஒரு நூற்றாண்டுக் காலம், பெயர் இருந்தது, மருந்து இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வரும், முகம் வெளிறும், மூக்கிலிருந்து இரத்தம் கசியும். சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். அந்த நாட்களில் குடும்பம் செய்யக்கூடியது காத்திருப்பது ஒன்றுதான். ‘சிகிச்சைக் காலத்துக் குடும்ப வாழ்க்கை’ என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடும் ஒன்று அக்காலத்தில் இல்லவே இல்லை.

அது பிறந்தது 1947–48 பனிக்காலத்தில். அந்தப் பருவத்தில் பாஸ்டனில் பெய்த பனியின் மொத்த அளவு 89 அங்குலம், ஏழடிக்கும் மேல். டிசம்பர் 26ஆம் நாள் நியூயார்க் நகரில் மட்டும் ஒரே பொழிவில் இரண்டடிக்கு மேல் பனி விழுந்தது. அந்நகருக்கு அருகே பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்திலிருந்துதான் மருந்து பாஸ்டனுக்கு வந்தது. அங்கே ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் உடுத்தியதனால் உயர் பட்டம் மறுக்கப்பட்டவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் அனைவரும் குறிப்பிடுகின்றனர். 1920களின் தொடக்கத்தில் மனைவியை ஊரில் விட்டுக் கப்பலேறியவர் பிறகு திரும்பவேயில்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண்குழந்தை கைக்குழந்தையாகவே இறந்துபோயிற்று. தந்தை அதன் முகத்தைப் பார்த்ததில்லை. பிற வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு பனிக்காலத்தை ஈட்டித் தந்தவர் இவர்.

ஃபார்பர் முதலில் ஃபோலிக் அமில வகை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். இரத்தசோகைக்கு உதவிய சத்து இதற்கும் உதவலாம் என்பது எண்ணம். நோயோ விரைவாக முற்றியது. அதிலிருந்துதான் எதிர்த்திசையில் சிந்திக்க வழி பிறந்தது. உயிரணு பெருகுவதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தைப் போன்றே உருவம் கொண்டு, ஆனால் அதன் வேலையைச் செய்யாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் பொருளைக் கொடுத்தால் என்ன? சுப்பாராவின் குழுவினர் ஆக்கிய அத்தகைய பொருள்களுள் ஒன்றுதான் அமினாப்டெரின். 1947 டிசம்பர் 28ஆம் நாள், இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது ஊசி வழியே செலுத்தப்பட்டது.

பெருகிக்கொண்டே போன வெள்ளணுக்கள் குறையத் தொடங்கின. வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கியது. நடை நின்றுபோயிருந்த பிள்ளை, ஒரு மாதத்துக்குள் நொண்டி நொண்டித் தன் காலாலேயே மருத்துவமனைக்கு நடந்து வந்தான். நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் வருகைப் பருவம் என்றொன்று உண்டு. தளர்நடை நடந்து வரும்படி பிள்ளையை அழைப்பது. அந்தப் பருவம் ஒரு தாய்க்கு இரண்டாம் முறையாக வாய்த்ததை மருத்துவக் குறிப்பு ஒரு வரியில் கடந்துவிடுகிறது. அது பதிவு செய்யாதவற்றை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஊசிக்காகப் பனி மூடிய தெருக்களில் அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்தவர் யார்? அம்மருந்து வாயைப் புண்ணாக்கும். அந்த வாய்க்குள் ஒரு கரண்டி கஞ்சி போவதற்கு எத்தனை நாழிகை பிடித்திருக்கும்?

தணிவு நிலைக்கவில்லை. அதே 1948இல் சிறுவன் இறந்தான். கட்டுரை 16 குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறது. பத்துப் பேருக்குப் பலன் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவும் மறைந்தார். ஃபார்பரின் மருத்துவமனையிலேயே, குழந்தைகளை நிம்மதியாகச் சாகவிடுங்கள் என்று வாதிட்டவர்கள் இருந்தனர். அவர்களைக் கல்நெஞ்சர் என்று நான் கருதவில்லை. ஊசியும் வாய்ப்புண்ணும் சேர்ந்த சில மாதங்கள் யாருக்காக என்ற கேள்வி நேர்மையானது. அதற்கான விடை பெற்றோரிடம் மட்டுமே இருந்திருக்கும். அவர்களை யாரும் கேட்டு எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

பின்னர் மெத்தோட்ரெக்சேட் முதலிய மருந்துகள் வந்தன. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை 1960களில் உருவானது. சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதாவது ஒரு குழந்தை இரண்டு மூன்று பனிக்காலங்களைச் சிகிச்சையோடு கடக்க வேண்டும். ஃபார்பரின் புதிய மருத்துவ நிலையம் 1952இல் திறக்கப்பட்டபோது, குழந்தைகள் வந்து மருந்து பெற்றுக்கொண்டு வீடு திரும்புவதே அங்கு வழக்கமாயிற்று. வீடு மருத்துவமனையின் ஒரு பகுதியாக மாறிவிட்டது. நோயை அழிக்கும் மருந்து நோய் எதிர்ப்பாற்றலையும் அழித்துவிடும். குளிர்காலத்திலும் அதன் இறுதியிலும் தட்டம்மையும் சின்னம்மையும் பள்ளிகளில் பரவும். பிற பிள்ளைகளுக்கு ஒரு வாரக் காய்ச்சலாக வந்து போகும் சின்னம்மை இக்குழந்தைகளின் உயிரையே பறிக்கக்கூடியது. பள்ளிக்குப் போய்வரும் அண்ணன் தங்கையிடமிருந்து ஒரு பிள்ளையை ஒரே வீட்டுக்குள் விலக்கிவைப்பது எப்படி? ஜன்னல்களை அடைத்து எல்லோரும் ஓரறையில் கூடும் பருவம் வேறு. தட்டம்மைத் தடுப்பூசி 1963இல் அமெரிக்காவுக்கு வந்தது. சின்னம்மைக்கான தடுப்பூசியை ஜப்பானிய மருத்துவர் தகஹாஷி 1974இல் அறிவித்தார். இவையெல்லாம் நோய்த்தடுப்பு வரலாற்றில் படிக்கப்படுகின்றன. அந்த வீடுகளின் வரலாற்றிலும் படிக்கப்பட வேண்டியவை.

பெற்றோர் எங்கே தூங்கினார்கள் என்பதும் வரலாறுதான். நெடுங்காலம் மருத்துவமனைகள் அவர்களைத் தொந்தரவாகவே கருதின. அட்லாண்டிக்கின் மறுகரையில், பிரிட்டனில், பெற்றோரைக் கட்டுப்பாடின்றி அனுமதிக்குமாறு பிளாட் குழு அறிக்கை பரிந்துரைத்தது 1959இல்தான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், தொலைவிலிருந்து வரும் குடும்பங்கள் தங்குவதற்கென ஒரு வீடு திறக்கப்பட்டது 1974இல். அதற்கு முன்னின்ற மருத்துவர் ஆட்ரி எவன்ஸ். அவரோடு துணைநின்ற கால்பந்து வீரர் ஃபிரெட் ஹில், இரத்தப் புற்றுநோய் கண்ட தம் மகளோடு மருத்துவமனையில் நாட்களைக் கழித்தவர்.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகளிடம் நோயைச் சொல்லக் கூடாது என்பதே நெடுங்காலம் மருத்துவர்களின் அறிவுரை. மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், இரத்தப் புற்றுநோய் கண்ட சிறு குழந்தைகளோடு மாதக்கணக்கில் பழகி எழுதிய நூல் 1978இல் வந்தது. யாரும் சொல்லாமலே குழந்தைகள் அறிந்திருந்தார்கள் என்கிறார் அவர். மருந்தின் பெயர்களையும், உடன் சிகிச்சை பெற்ற பிள்ளை ஏன் பிறகு வரவில்லை என்பதையும் ஒருவரிடமிருந்து ஒருவர் தெரிந்துகொண்டார்கள். தெரிந்ததைப் பெற்றோரிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் பெரியவர்கள் அழுவார்கள், அறையை விட்டுப் போய்விடுவார்கள். அம்மா அருகில் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால், தெரியாததுபோல் இருக்க வேண்டும். அப்படித்தான் இருந்தார்கள், நான்கு வயதுப் பிள்ளைகள்கூட.

இன்று வசதியுள்ள நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பிழைக்கின்றனர். அமினாப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே மாத்திரையாகத் தரப்படுகிறது. எந்தக் கிழமை என்பதைப் பெரும்பாலும் அம்மாதான் நினைவில் வைத்திருக்கிறாள்.