பாலாற்றுப் படுகையில் தங்கிய உப்பு: வாணியம்பாடி, ஆம்பூர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வரலாறு

ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றங்கரையில் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளைப் (தோல் பதனிடும் ஆலைகளைப்) பற்றிப் பேசுவோர் முதலில் குறிப்பிடுவது குரோமியத்தை. அது நச்சுதான். ஆனால், இப்பகுதியின் நிலத்தையும் கிணற்றையும் பெரிதும் கெடுத்தது உப்பு என்பதும், முப்பது ஆண்டுச் சுத்திகரிப்பு முயற்சிகள் அந்த உப்பை இடம் மாற்றியதோடு நின்றுவிட்டன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் சுமார் 40 விழுக்காடு உப்பைத் தடவுவார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் அலசலிலேயே அதில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். 1970களில் நிலைமை மோசமானது. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணிக்கு அது நல்ல முடிவு. அதனுடன் குரோம் பதனிடல் பரவியது. அமிலக் குளியலுக்கென இன்னொரு பங்கு உப்பும் சேர்ந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் அளவில் தண்ணீர் செலவாகும் தொழில் இது. அந்த நீர் எங்கே போகும் என்பதற்கு ஏற்றுமதிக் கொள்கையில் விடை இல்லை.

பாலாறு ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும்; அதன் நீர் மணலுக்கு அடியில் ஓடுவது. எனவே கழிவை அடித்துச் செல்ல வெள்ளம் கிடையாது. ஊற்றிய இடத்திலேயே இறங்கி, குடிநீர்க் கிணறுகளுக்குப் போய்ச் சேரும். ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழில்களை அனுமதிக்கக் கூடாது என்று தமிழக அரசு ஆணையிட்டது 1989இல்தான். அதற்குள் டேனரிகள் கரையில் வேரூன்றிவிட்டன.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இவ்வழக்குக்குப் பெரும் பங்குண்டு. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். 2001இல் சூழல் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என வகுத்தது. கணக்குப் போட்டால் தலைக்கு 9,200 ரூபாயைத் தொடவில்லை. கிணறும் நிலமும் இழந்தவருக்கு இது ஈடா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

நீதிமன்ற நெருக்கடியால் வாணிடெக், ஆம்பூர்டெக் போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயமாயின. குரோமியத்தைக் காரம் சேர்த்து வீழ்படிவாக்கிப் பிரிக்க முடிந்தது. அதை அமிலத்தில் கரைத்து மறுபடி பயன்படுத்தும் முறையை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. கொழுப்பு, மயிர், புரதம் முதலியவற்றை நுண்ணுயிர்கள் தின்றன. கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. கரைந்த திடப்பொருளுக்கான லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் தோல் கழிவுநீர் வரவே முடியாமல் நின்றது. தெளிந்து நிறம் வெளுத்த அந்த நீர் வயலுக்கு விஷமாகவே இருந்தது.

எனவே அடுத்த கட்டமாகச் சொட்டுக்கூட வெளியேறாத முறையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வற்புறுத்தியது. சவ்வு வழியே அழுத்தி வடித்த நீர் டேனரிக்கே திரும்பும். எஞ்சிய கடும் உவர்நீரை ஆவியாக்கிகள் வற்றவைக்கும். மின்சாரச் செலவு சிறு முதலாளிகளை நொறுக்கியது. கடைசியில் கையில் கிடைப்பது சோடியம் குளோரைடும் சல்ஃபேட்டும் கலந்த கலப்பு உப்பு. அதை மறுபடி தோலில் தடவவும் முடியாது, விற்கவும் வழியில்லை. மழைபட்டால் கரைந்துவிடும் என்பதால் கூரைக்கடியில் குவித்து வைக்க வேண்டியிருக்கிறது.

2019 நவம்பரில் வேலூர் பிரிந்து திருப்பத்தூர் மாவட்டம் உருவானபோது வாணியம்பாடியும் ஆம்பூரும் அதில் சேர்ந்தன. வழக்குகள் மட்டும் வேலூர் பெயரிலேயே நீண்டன. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, நிலுவை இழப்பீட்டை ஆறு வாரத்தில் வழங்கி, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் பணித்தது. 2001 இழப்பீட்டு ஆணைக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே ஓடியவை இருபத்துநான்கு ஆண்டுகள்.