காற்றுக்கு வழிவிட்ட வீடு

புதுமனை கட்டத் தொடங்கியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வண்ணப் படங்கள் நிறைந்த நூல்கள் சிலவற்றைக் கொண்டுவந்து, "ஹஜ்ரத், உள்ளலங்காரத்துக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்" என்றார். படங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் எந்த அறையிலும் காற்று எவ்வழியே புகுந்து எவ்வழியே வெளியேறும் என்பது விளங்கவில்லை. அவருடைய வரைபடத்திலோ, முதிய தாயாருக்கென ஒதுக்கிய உள்ளறைக்கு ஒரே ஒரு சன்னல்! ஆகவே கெய்ரோ மாநகரத்துப் பழைய வீடொன்றின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன்.

'பைத்துஸ் ஸுஹைமீ' என்பது அதன் பெயர். ஹிஜ்ரி 1058இல் (கி.பி. 1648) அப்துல் வஹ்ஹாப் அத்தப்லாவீ கட்டியது, ஹிஜ்ரி 1211இல் (கி.பி. 1796) விரிவாக்கப்பட்டது. எனினும் பிற்காலத்தில் அங்கு வாழ்ந்த அல்அஸ்ஹர் அறிஞர் ஷைகு அமீன் அஸ்ஸுஹைமீயின் பெயரே நிலைத்தது. கட்டியவர் பெயர் மறைந்து, குடியிருந்தவர் பெயர் நிற்கிறது!

தெருவிலிருந்து நுழைவோர் பார்வை நேரே முற்றத்தில் விழாதபடி வழி வளைந்து செல்லும். விருந்தினர் கூடமாகிய 'காஆ'வின் நடுப்பகுதி உயர்ந்த விதானம் கொண்டது. வெப்பக் காற்று மேலெழுந்து உச்சிச் சாளரங்கள் வழியே வெளியேற, கூரைமேல் வடக்கு நோக்கி நிற்கும் 'மல்கஃப்' என்னும் காற்றுவாங்கி குளிர்காற்றைக் கீழே இறக்கும்.

'மஷ்ரபிய்யா' என்னும் மரச்சாளரத்தைப் பற்றி ஒரு சொல். 'ஷரிப', பருகினான் என்னும் வினையடியிலிருந்து பிறந்த பெயர் என்பர். குடிநீர் குளிர மண்கூஜாக்களை அங்கே வைத்தனர். நீண்ட மரம் அரிதான எகிப்தில், சிறு துண்டுகளைக் கடைசல் பிடித்து இணைத்தனர் தச்சர். கண்மட்டத்தில் நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் இடைவெளி விட்டதால், கூசும் ஒளி தணிந்தது, காற்று தடைப்படவில்லை, உள்ளிருக்கும் பெண்கள் தெருவைக் காணலாம், தெருவிலிருப்போர் அவர்களைக் காண இயலாது. ஒரே பலகணியில் இத்தனை பயன்!

முற்றத்துக்கும் பின்தோட்டத்துக்கும் இடையே 'தக்தபூஷ்' என்னும் திறந்த திண்ணைக்கூடம். தோட்டம் வெயிலில் சூடேற, அங்குள்ள காற்று மேலெழும்; நிழலான முற்றத்துக் குளிர்காற்று அந்த இடத்தை நிரப்ப இக்கூடத்தின் வழியே ஓடும்.

இம்முறைகளை ஆராய்ந்து எழுதியவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989). லக்ஸருக்கருகே 1945இல் அவர் வகுத்த புதிய குர்னா கிராமம் மண்செங்கல்லாலும் குவிமாடங்களாலும் எழுந்தது. எவருக்காக எழுந்ததோ, அம்மக்களில் பெரும்பாலோர் பழைய ஊரை விட்டுவர மறுத்தனர். 1948இல் பணி நின்றது. கலைஞரின் அறிவு பெரிதுதான். குடியேறுவோர் மனம் வேறு கணக்குப் போட்டது.

கேட்டுக்கொண்டிருந்த மாணவர், "அப்படியானால் நானும் வடக்கு நோக்கி ஒரு மல்கஃப் வைத்துவிடுகிறேன்" என்றார். கெய்ரோவுக்கு நற்காற்று வடக்கிலிருந்து வருகிறது. நமக்குத் தென்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். முதலில் தாயாரை அழைத்துச் சென்று, மாலை வேளையில் அந்த மனையில் அமரச் செய்து, அவர் எங்கே அமர விரும்புகிறார் என்று பார்க்கச் சொன்னேன். சென்ற வாரம் உள்ளறையின் எதிர்ச்சுவரை இடித்து இரண்டாவது சன்னல் வைத்தார்கள். கொத்தனாருக்குத்தான் என்மீது சற்றுக் கோபம்.