"இது தேய்மானம் சார்" என்று சொல்ல யாருக்கு உரிமை? கார் வாரன்டியின் கதை

கார் வச்சிருக்கிற நிறைய பேர் கேட்டிருக்கக்கூடிய ஒரு பதில் இருக்கு. வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை, கிளட்ச் வழுக்குது. சர்வீஸ் சென்டர்ல விடுறோம். அங்கே இருக்கிறவர் பார்த்துட்டு, "சார், இது வேர் அண்ட் டேர். வாரன்டியில வராது" என்கிறார். பாகம் மோசமா, இல்லை நாம ஓட்டின விதம் மோசமா? அதை முடிவு பண்றது யாரு? அந்த வண்டியைச் செஞ்ச கம்பெனிதான்.

வாரன்டின்னா எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் என்றுதான் நாம வழக்கமா பேசுவோம். அதன் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தெரிஞ்சது. நூறு வருஷத்துக்கு மேலா நடக்கிற இந்தச் சண்டையில் முக்கியமான கேள்வி, "இது பழுதுதான்" என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கு என்பது. கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்குது. சாதாரண சம்பளக்காரர்கள் லட்சக்கணக்கில் கார் வாங்கினது அங்கேதான் முதலில்.

ஆனா தொடக்கம் இங்கிலாந்தில், குதிரை வண்டிக் காலத்தில். தபால் கோச் ஒன்று உடைஞ்சு, அதை ஓட்டினவருக்குப் பலத்த காயம். வண்டியைக் கொடுத்துப் பராமரிக்க ஒப்பந்தம் போட்டிருந்த ரைட் என்பவர் மேல் அவர் வழக்குப் போட்டார். 1842இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ரைட் ஒப்பந்தம் போட்டது தபால் துறையோடு, ஓட்டுநரோடு இல்லை. அதனால ஓட்டுநருக்குக் கேட்க உரிமை இல்லை. விண்டர்பாட்டம் எதிர் ரைட் என்று இந்த வழக்குக்குப் பெயர்.

கார் வந்ததும் இந்த விதி கம்பெனிகளுக்கு ரொம்ப வசதியாப் போச்சு. கார் செய்றது கம்பெனி, விக்கிறது டீலர், நாம ஒப்பந்தம் போடுறது டீலரோட. கம்பெனிகிட்ட கேட்டா, "உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லையே" என்று சொல்லிடலாம். 1916இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதில் முதல் பெரிய ஓட்டையைப் போட்டது. மேக்ஃபெர்சன் என்பவர் டீலரிடம் வாங்கிய பியூக் காரில் போகும்போது, ஒரு சக்கரத்தின் மர ஆரங்கள் நொறுங்கி வண்டி கவிழ்ந்தது. அந்தச் சக்கரம் பியூக் செஞ்சதுகூட இல்லை, வேற கம்பெனியில் வாங்கினது. நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ தீர்ப்பின் சாரம் இதுதான்: காரை டீலர் ஓட்டப்போறதில்லை, வாங்குறவர்தான் ஓட்டுவார் என்று கம்பெனிக்குத் தெரியும். அதனால அதைச் சோதித்து அனுப்புற கடமை கம்பெனிக்கு இருக்கு.

நல்ல தீர்ப்பு. ஆனா ஒரு சிக்கல் பாக்கி. கம்பெனி அலட்சியமா இருந்தது என்று நாமதான் நிரூபிக்கணும். அந்தச் சிக்கல் எவ்வளவு பெரிசு என்று காட்டியது அடுத்த வழக்கு. எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமானது இதுதான்.

1955 மே மாதம், நியூ ஜெர்சி. கிளாஸ் ஹென்னிங்சன் என்பவர் அன்னையர் தினப் பரிசாகத் தன் மனைவி ஹெலனுக்குப் புது பிளிமத் கார் வாங்கினார். பிளிமத், கிரைஸ்லர் கம்பெனியோட பிராண்ட். டீலர் பெயர் புளூம்ஃபீல்ட் மோட்டார்ஸ். பத்தே நாள் கழித்து, மே 19, ஹெலன் தனியாக ஓட்டிட்டு வர்றார். சமமான சாலை, வேகம் மணிக்கு 20, 22 மைல். வண்டியின் அடியில் பெரிய சத்தம். ஸ்டீயரிங் கையில் தானாகச் சுழலுது. கார் வலது பக்கம் வெட்டித் திரும்பி, ஒரு செங்கல் சுவரில் மோதி நின்றது. ஓடோமீட்டர் காட்டியது 468 மைல்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆய்வாளர் வந்து பார்த்தார். இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு என்பது அவர் கருத்து. ஆனா முன்பக்கம் முழுக்க நசுங்கிப்போனதால், எந்தப் பாகம் முன்பே பழுதா இருந்தது என்று காட்ட வழியில்லை. நம்ம வேலையில் சொல்றதுன்னா, சர்வர் கிராஷ் ஆனதில் லாக் ஃபைலும் அழிஞ்சு போச்சு. "பக் எந்த வரியில இருக்குன்னு காட்டு, அப்புறம் பேசலாம்" என்கிறார்கள். அலட்சியம் என்ற குற்றச்சாட்டு விசாரணை நீதிமன்றத்திலேயே விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது வாரன்டி மட்டும்.

அந்த வாரன்டியில் என்ன இருந்தது? 90 நாள் அல்லது 4,000 மைல், எது முதலில் வருதோ அது. பழுதான பாகத்தைக் கூலி கட்டிக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும். கம்பெனி சோதிச்சுப் பார்த்து, "ஆமா, பழுதுதான்" என்று தனக்குத் திருப்தி ஆனால் மாற்றிக் கொடுக்கும். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் செலவு, நொறுங்கின கார், எதுவும் இதில் வராது. கடைசியில் ஒரு வரி: சொல்லப்பட்ட, சொல்லப்படாத மற்ற எல்லா வாரன்டிகளுக்கும் பதிலாக இது ஒன்றுதான்.

அந்த வரியை நிதானமா யோசிச்சுப் பாருங்க. எந்தப் பொருளை விற்றாலும் அது செய்ய வேண்டிய வேலைக்குத் தகுதியா இருக்கும் என்ற உறுதி, எழுதாவிட்டாலும் சட்டப்படி அதில் அடக்கம். வாரன்டி என்ற பெயரில் கொடுத்த காகிதம் அந்த உரிமையைப் பிடுங்கிக்கிட்டுச் சின்னதா வேற ஒன்றைக் கையில் கொடுத்தது. அதுவும் ஆர்டர் படிவத்தின் பின்பக்கம், எட்டரை அங்குல நீளத்துக்குப் பொடி எழுத்தில். ஹென்னிங்சன் அதைப் படிக்கவே இல்லை. இன்னைக்கு ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது நாம "ஐ அக்ரீ" அமுக்குற மாதிரிதான்.

பிடிக்கலைன்னா வேற கம்பெனி கார் வாங்கலாமே என்று கேட்பீங்க. முடியாது. அது ஆட்டோமொபைல் மேனுஃபாக்சரர்ஸ் அசோசியேஷன் என்ற உற்பத்தியாளர் சங்கத்தின் பொதுவான வாரன்டி. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து 1958இல் 93.5 சதவீதப் பயணிகள் கார்களைச் செய்ததாகத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. எந்த ஷோரூமுக்குப் போனாலும் அதே வாசகம்தான்.

1960 மே 9, நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம். நீதிபதி ஃபிரான்சிஸ் எழுதிய தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, பொருளுக்கு இயல்பாக இருக்கும் உறுதியை இப்படிப் பொடி எழுத்தில் ரத்து செய்வது பொதுநலனுக்கு எதிரானது, செல்லாது. இரண்டு, அந்த உறுதி வாங்கினவரோடு முடியாது. வீட்டில் ஓட்டுகிற மனைவிக்கும் உண்டு, டீலர், கம்பெனி இருவருமே பொறுப்பு. எந்த போல்ட் உடைந்தது என்று ஹெலன் காட்டவேண்டியதில்லை. 468 மைல் ஓடிய புது வண்டி, ஒழுங்காக ஓட்டும்போது இப்படித் திரும்பியது என்பதே ஜூரி முடிவெடுக்கப் போதும். "எங்களுக்குத் திருப்தி ஆகணும்" என்ற கம்பெனியின் அதிகாரம் முதல் தடவையா பலமா ஆட்டம் கண்டது இங்கேதான்.

அதுக்கப்புறம் கம்பெனிகள் வாரன்டியை விளம்பரமா மாத்தின. 1963 மாடல்களுக்கு கிரைஸ்லர் 5 வருஷம், 50,000 மைல் என்று இன்ஜின், கியர் பகுதிகளுக்கு அறிவிச்சது. நிபந்தனையைப் பாருங்க. 3 மாசம் அல்லது 4,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாத்தணும், 6 மாசத்துக்கு ஒருமுறை அதுக்கான ஆதாரத்தை டீலரிடம் காட்டிச் சான்று வாங்கணும். ஒரு சான்று விட்டுப்போனால், "பராமரிப்பு சரியில்லை, அதான் தேஞ்சு போச்சு" என்று சொல்ல இடம் கிடைச்சிடும். நீளமான வாரன்டி வந்தது. நிரூபிக்கிற வேலை மறுபடி ரசீது வடிவில் நம்ம தலைக்கே வந்தது.

1975 ஜனவரியில் மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு. கார் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. எழுத்து வாரன்டி கொடுத்துட்டு, இயல்பான உறுதியை முழுசா மறுக்கக் கூடாது என்றது இந்தச் சட்டம். எங்க பிராண்ட் ஆயில், எங்க ஃபில்டர் போட்டால்தான் வாரன்டி என்று பொதுவாகக் கட்டாயப்படுத்தவும் கூடாது. வேண்டுமானால் இலவசமாகக் கொடுக்கட்டும்.

அப்பவும் ஒரு ஓட்டை இருந்தது. "ரிப்பேர் பண்ணித் தர்றோம்" என்று கம்பெனி திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தால்? 1982இல் கனெக்டிகட் மாநிலம் முதல் லெமன் சட்டத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் தொல்லை கொடுக்கும் வண்டிக்கு எலுமிச்சை என்றுதான் செல்லப் பெயர். ஒரே கோளாறுக்கு 4 முறை முயற்சி செய்தும் சரியாகலைன்னாலோ, வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலோ, மாற்று வண்டி அல்லது பணம் கேட்கலாம். கம்பெனியின் அபிப்பிராயம் இருந்த இடத்தில் ஒரு எண்ணிக்கை வந்து உட்கார்ந்தது. எண்ணுறது யாராலும் முடியும் இல்லையா?

நம்ம நாட்டில் லெமன் சட்டம் என்று தனியா இல்லை. 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு, பொருள் குறைபாடு இரண்டுக்கும் வழி திறந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019 சட்டம் உற்பத்தியாளர் பொறுப்புக்குத் தனி அத்தியாயமே வச்சிருக்கு. எழுதிக் கொடுத்த வாரன்டிப்படி பொருள் இல்லாமல் அதனால் பாதிப்பு வந்தால், அந்த வாரன்டி கொடுத்ததில் நாங்க அலட்சியமாவோ மோசடியாவோ இல்லை என்று நிரூபிச்சாலும் கம்பெனி தப்பிக்க முடியாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்க்கவும் அதில் இடம் இருக்கு. 1960 தீர்ப்பில் படிச்ச அதே கவலைகள்தான்.

அதனால நடைமுறையில் செய்யக்கூடியது சொல்றேன். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்க புகார் உங்க வார்த்தையிலேயே இருக்கான்னு பாருங்க. தேதி, கிலோமீட்டர் இரண்டும் இருக்கணும். எத்தனையாவது முறை என்பதையும் எழுதச் சொல்லுங்க. "தேய்மானம்" என்று வாயால சொன்னால், காரணத்தோட எழுத்தில் கேளுங்க. ஹெலனிடம் காட்ட ஒரு பாகம்கூட மிஞ்சலை. உங்ககிட்ட காகிதமாவது இருக்கட்டும்.

உங்க வாரன்டி அனுபவங்களை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.