கால் ஏக்கரில் எதைப் பயிரிடலாம்?

இங்கிலாந்தின் கிராமாந்தரங்களில் ஏழைக் கூலியாளுக்குத் துண்டு நிலம் வழங்கிய பிரபுக்களும் பாதிரிமார்களும் நல்ல எண்ணம் உடையவர்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த நிலத்தில் அவன் எதை விதைக்கலாம், எதை விதைக்கக் கூடாது என்று அவர்கள் எழுதி வைத்த நிபந்தனைகளைப் படிக்கும்போது, கொடுத்தவர்களின் தயையைவிட அவர்களுடைய அச்சமே நமக்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுக் காலம், பார்லிமெண்ட் இயற்றிய ஆயிரக்கணக்கான சட்டங்களின் பலத்தால், ஊர்ப் பொதுவாயிருந்த மேய்ச்சல் தரைகளும் புதர்க்காடுகளும் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயின. ஒரு பசுவை மேய்த்தும், சுள்ளி பொறுக்கியும், வாத்து வளர்த்தும் காலந்தள்ளிய ஏழை, வாரக்கூலி ஒன்றையே நம்பி நிற்கலானான். 1795-இல் விளைச்சல் குன்றித் தானிய விலை ஏறியபோது, இத்தகையோரைத் தர்மப் பணத்தால் காப்பதைக் காட்டிலும் நிலம் கொடுத்து உழைக்க விடுவதே மேல் என்று சிலர் எண்ணத் தலைப்பட்டனர். வில்ட்ஷயரில் கிரேட் சாமர்ஃபர்டு என்னும் கிராமத்தில் 1809-இல் ஏற்பட்ட ஏழைகளின் தோட்டங்கள் இவ்வகையில் மிகப் பழமையானவற்றுள் அடங்கும். எனினும் 1830-இல், 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைத் தலைவனின் பெயரால் தென் மாவட்டக் கூலியாட்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்த பிறகே, அலாட்மெண்ட் என்று அங்கே வழங்கும் இந்தப் பங்கு நிலங்கள் ஊர்தோறும் பெருகின.

ஐந்தரை கஜக் கோலால் அளந்து, பெரும்பாலும் நாற்பது சதுரக் கோல், அதாவது கால் ஏக்கருக்கு மிகாமல் கொடுத்தார்கள். ஏர் பூட்டக் கூடாது, மண்வெட்டியால் கொத்தியே பயிரிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிலத்தில் கால் வைக்கலாகாது. கோயிலுக்கு ஒழுங்காக வரவேண்டும். திருட்டு வேட்டையில் அகப்பட்டவன் நிலத்தை இழப்பான் என்றெல்லாம் பல ஊர்களில் விதித்தார்கள். பயிரைப் பற்றிய விதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன: ஓரிடத்தில் உருளைக்கிழங்கு பாதி நிலத்துக்கு மேற்படலாகாது, வேறோரிடத்தில் ஒரே தானியத்தை அடுத்தடுத்து விதைக்கலாகாது, இன்னும் சில இடங்களிலோ தானியமே கூடாது.

மண் வளம் குன்றிவிடும் என்பதே இவற்றுக்கு வெளிப்படையாகச் சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கோதுமையை அடியோடு விலக்குவதற்கு அது போதிய காரணமாகாது. கூலியாளின் கால் ஏக்கர் எப்படி நடந்தது என்பதை அருகிருந்து பார்த்தால் இது விளங்கும். நிலத்தில் ஒரு பாதி கோதுமை அல்லது பார்லி, மறு பாதி உருளைக்கிழங்கு. அடுத்த ஆண்டு இரண்டையும் இடம் மாற்றுவான். பொடிக் கிழங்கும் பார்லி மாவும் கொல்லையிலிருந்த பன்றிக்குத் தீனி. வைக்கோல் அதற்குப் படுக்கை. அந்தச் சாணமும் வைக்கோலும் மக்கி மறுபடியும் நிலத்துக்கே உரமாகும். இந்தச் சக்கரத்திலிருந்து தானியத்தை எடுத்துவிட்டால், ரொட்டியோடு பன்றிக்குப் படுக்கையும் தீனியில் ஒரு பங்கும் நிலத்துக்கு உரமும் குறைந்துபோகும்.

அவனைக் கூலிக்கு அமர்த்திய பண்ணையார்களின் மனத்தில் இருந்தது வேறு. அலாட்மெண்ட்காரன் வீட்டில் ஒரு மூட்டை கோதுமை இருந்தால், அது அவன் நிலத்தில் விளைந்ததா, தம் களஞ்சியத்திலிருந்து போனதா என்று யாரால் பிரித்தறிய முடியும் என அவர்கள் கேட்டார்கள். பகலில் தமக்குத் தரவேண்டிய வலுவை அவன் மாலையில் தன் நிலத்துக்குச் சேமித்து வைப்பான் என்றும் முறையிட்டார்கள். இவை எல்லாவற்றிற்கும் அடியிலே, வீட்டில் ரொட்டிக்கு மாவு இருக்கும் கூலியாள் அறுவடைக் காலத்தில் கூலி பேசும் தைரியம் பெற்றுவிடுவானே என்ற கவலைதான் இருந்தது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கிழங்கு அவனை உயிரோடு வைத்திருக்கும்; கோதுமையோ அவனை நிமிர்ந்து நிற்கச் செய்யும். பத்திரிகையாளர் வில்லியம் காபெட் 1820-களில் உருளைக்கிழங்கை அவ்வளவு கடுமையாகத் தாக்கியதும் இதனாலேயே. கிழங்கைத் தின்று பழகியவனை எவ்வளவு குறைந்த கூலிக்கும் இறக்கிவிடலாம் என்று அவர் அஞ்சினார். 1845-இல் கிழங்கில் நோய் புகுந்தபோது, ஒரே பயிரை நம்பியவர்களின் கதி என்னாகும் என்பதை அயர்லாந்து உலகுக்குக் காட்டியது. அதே ஆண்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய வேலியடைப்புச் சட்டமோ, ஏழைக்கு ஒதுக்கும் தோட்டம் கால் ஏக்கரைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்டிற்று.

நகரத்திலே விவாதம் வேறு உருவம் கொண்டது. நாட்டிங்ஹாமின் ஹங்கர்ஹில் சரிவில் தொழிலாளர்கள் வாடகைக்கு எடுத்த துண்டு நிலங்களில் ரோஜா வளர்த்தார்கள். அவர்களுடைய கண்காட்சிக்கு நடுவராக வருமாறு ஓர் அழைப்பு வந்தபோது, ஈஸ்டர் பருவத்தில் ரோஜாவா என்று நம்ப மறுத்த ரெனால்ட்ஸ் ஹோல் என்னும் பாதிரியார், நேரில் போய்ப் பார்த்துத் திகைத்து, 1869-இல் வெளியிட்ட தம் ரோஜா நூலின் தொடக்கத்திலேயே அந்த அனுபவத்தை எழுதினார். உறைபனி இரவுகளில் தம் படுக்கையின் கம்பளியை உருவிச் செடிகளுக்குப் போர்த்திய எளிய மனிதர்களைப் பற்றி அவர் சொல்வதைப் படித்த எவரும், ஏழையின் நிலத்தில் உண்ணும் பொருள் மட்டுமே விளைய வேண்டும் என்று வாதிக்கத் துணியமாட்டார். வயிற்றுக்கு அப்பாலும் அவனுக்கு ஒரு வாழ்வு உண்டென்பதை ஒப்புக்கொள்ள மறுத்த தர்மவான்கள் பலர் இருந்தனர் என்பது என்னை வருத்துகிறது.

1887, 1908 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நிலம் தரும் பொறுப்பைப் பிரபுக்களின் கருணையிலிருந்து எடுத்து உள்ளூர் மன்றங்களிடம் ஒப்படைத்தன. முதல் உலகப் போரில் உணவுக்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, பழைய விதிகள் தலைகீழாயின. 1917-இல் காண்டர்பரிப் பேராயரே ஞாயிற்றுக்கிழமை நிலவேலைக்கு இசைவு தெரிவித்தார். போர் முடிவதற்குள் பங்கு நிலங்கள் ஏறக்குறைய 15 லட்சமாகப் பெருகின. ஆனால் 1922-இன் சட்டம், அலாட்மெண்ட் தோட்டம் என்பது நாற்பது கோலுக்கு மிகாமல், முழுவதுமோ பெரும்பகுதியோ உழுபவனும் அவன் குடும்பமும் உண்பதற்கான காய்கனிகளை விளைவிப்பது என்று வகுத்ததால், ஓரத்தில் பூச்செடிக்கு இடம் கிடைத்தது. சந்தைக்கென்று பயிரிடுபவனுக்கோ கிடைக்கவில்லை. 1950-இல் கோழியும் முயலும் வளர்க்கும் உரிமை வந்தது. சேவல் மட்டும் விலக்கப்பட்டது.

மரத்தைப் பற்றிய சச்சரவு இன்றும் ஓயவில்லை. நிழலும் வேரும் அடுத்த பங்கைக் கெடுக்கும் என்பது நியாயமான ஆட்சேபமே. ஆயினும் பல நகராட்சிகளின் ஒப்பந்தங்களில், எழுத்து மூலமான அனுமதியின்றி ஓர் ஆப்பிள் கன்றைக்கூட நட முடியாது. ஆண்டுக்கணக்கில் குத்தகை எடுத்தவன், தன் குத்தகைக் காலத்தைத் தாண்டி நிற்கக் கூடிய ஒன்றை ஊன்றிவிட்டால், வெளியேறும் நாளில் அதற்கு ஈடு கேட்பான் என்பதை நிலம் கொடுப்பவர்கள் நன்கு அறிவார்கள்.