பரோடாவின் மரப்பெட்டிகள்

கஷ்டப்பட்டு எழுத்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், படிக்க எதுவும் கிடைக்காமல் அதை மறந்துவிட்டால்? நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு மகாராஜாவுக்கு வந்த கவலை இது. நான் மாற்றலாகி வந்து குப்பை கொட்டும் இதே வடோதராவில்தான். அப்போது பெயர் பரோடா.

மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1906-ல் தன் சமஸ்தானம் முழுவதும் கட்டாய ஆரம்பக் கல்வியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அதன் பிறகு வயல், மாடு, கடை. வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத ஊரில் கற்ற எழுத்து எத்தனை நாள் நிற்கும்? எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், போட்ட முதலே முழுகிப் போகும் :-)

மகாராஜா 1910-ல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். அரண்மனையிலிருந்த தன் சொந்தப் புத்தகங்கள் சுமார் 20,000-ஐ எடுத்துக் கொடுத்தார். மத்திய நூலகம் உருவானது. யாருக்கும் கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்குத் தனி அறை, அதில் புத்தகங்களோடு விளையாட்டுச் சாமான்களும்!

நூலகம் இல்லாத கிராமங்களுக்கு மரப்பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கி அனுப்பினார்கள். படித்து முடித்தால் பெட்டி திரும்பிவிடும், அடுத்தது வரும். சொந்தமாக நூலகம் வேண்டும் என்று கேட்ட ஊர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஊரார் ஒரு பங்கு திரட்டினால் பஞ்சாயத்து ஒரு பங்கு, அரசாங்கம் ஒரு பங்கு. நாங்கள் கடன் கொடுக்கும்போது கேட்கும் மார்ஜின் மணி மாதிரிதான். கைக்காசு போட்டவன் பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் இல்லையா?

நம்ம ஊரும் சும்மா இருக்கவில்லை. 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் அதே வருடம்தான் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவர் போராடியதன் பலனாக 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அது இந்தச் சட்டத்தால்தான். வழிகாட்டிய பரோடா இருக்கும் குஜராத்துக்கு இப்படி ஒரு சட்டம் வந்தது 2001-ல்!

இதெல்லாம் இப்போது ஏன் என்கிறீர்களா? போன மாதம் இங்கே ஒரு சிறுவர் நூலக விழாவுக்கு வாலண்டியராகப் போயிருந்தேன். இரவல் வாங்கும் புத்தகத்தில் தேதி முத்திரை குத்துவது என் வேலை. ஆபீஸில் நாளெல்லாம் செய்வதுதான், ஆனால் அங்கே ஒரு வாண்டு "அங்கிள், கையிலயும் ஒண்ணு குத்துங்க" என்று நீட்டியபோது கிடைத்த சந்தோஷம் ஆபீஸில் கிடைத்ததில்லை. பிறகு வரிசையாகப் பத்துக் கைகள். விழா முடிந்து எல்லோரும் நின்றபடியே சாப்பிட்ட சேவ் உசலுக்குத் தனி ருசி.

அங்கே ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் படப் புத்தகங்களும் இருந்தன. ஒரு தமிழ்ப் பையன், எட்டு வயது இருக்கும், ஒன்றை எடுத்து "பூ... பூ..." என்று திணறிவிட்டு, படத்தைப் பார்த்துப் "பூனை" என்றான். அவன் அம்மா சொன்னார்: "லீவுல தாத்தா சொல்லிக் கொடுத்தாங்க சார், நல்லாத்தான் வாசிச்சான். இங்க வந்து ஒரு வருஷத்துல மறந்துட்டான்."

சயாஜிராவின் கவலை அப்படியே! நாம் வெளியூரில் அனா ஆவன்னா சொல்லிக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அடுத்த மாதம் படிக்க என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

மகாராஜா வேண்டாம், சட்டமும் வேண்டாம். பத்துக் குடும்பம், ஒரு பெட்டி, மாதம் ஒரு வீடு. வடோதராவில் இருப்பவர்கள் சொல்லுங்கள். முதல் பத்துப் புத்தகங்கள் என் பங்கு. முத்திரை குத்தவும் ஆள் ரெடி.