சொரிமுத்தையன் காட்டில் மூன்று ராத்திரி



வரலாறு வாழ்வது ஏட்டிலா, வழக்கத்திலா என்பது தலைப்பு. ஏட்டில்தான் என்று பேசிவிட்டுப் போன நண்பர், "தலைப்பாகை கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டா வரலாறா? அது வெறும் வேஷம்"னு சொன்னார். வேஷம்னா என்னன்னு நான் சொல்றேன் ஐயா. அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில், 1966-ல், ஒரு வீட்டுக் கொல்லையில் சில நண்பர்கள் கூடி ஐரோப்பாவின் பழங்காலத்து உடுப்பு மாட்டி விளையாடினார்கள். அது பெரிய சங்கமாகிவிட்டது. 1972-ல் ஆரம்பித்து, பென்சில்வேனியாவில் ஆயிரக்கணக்கான பேர் கோடையில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். அதுவும் நம்ம ஆடி மாதத்தை ஒட்டித்தான்! அங்கே ராஜாவும் உண்டு. பிரம்பு வாளால் சண்டை போட்டு ஜெயிக்கிறவர் ராஜா. சில மாதம் ஆண்டுவிட்டு, கிரீடத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் ஆபீசுக்குப் போய்விடுவார். (சிரிப்பு) நான் குறை சொல்லவில்லை. ஆசைக்கு விளையாடுகிறார்கள், பாவம், நல்ல விளையாட்டு.

இப்போ நம்ம ஆடிக்கு வருவோம். நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், வாக்கப்பட்டது அம்பாசமுத்திரத்தில். 1994 ஆடி அமாவாசைக்கு என் மாமியார் சொன்னாங்க: "ஏட்டி, சொரிமுத்தையன் கோயிலுக்குப் போறோம். மூணு ராத்திரி காட்டுல குடில் போட்டு இருக்கணும். போர்வைய எடுத்து வச்சுக்கோ."

பாபநாசம் மலைமேல், காரையாறு பக்கம், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது அந்தக் கோயில். லாரியில் அரிசி மூட்டை, அண்டா, மூங்கில், தார்ப்பாய், கூடவே ஓர் ஆட்டுக்கடா. அந்தக் கடா வழிநெடுக என் முந்தானையைத் தின்றுகொண்டே வந்தது. ஆற்றங்கரை பூராவும் குடில். ஒரு குடிலில் உறுமி, ஒரு குடிலில் பொங்கல், ஒரு குடிலில் மாமனார் மருமகன் சண்டை. அந்தப் பக்கம் சங்கிலி பூதத்தாருக்கு நேர்ந்துகொண்டவர் இரும்புச் சங்கிலியால் தன் மேலேயே அடித்துக்கொள்கிறார். எனக்கு ஈரக்குலை நடுங்கியது. ராத்திரி இருட்டில், "புலி வருமா அத்தை?"ன்னேன். 1988-ல் இருந்து புலிகள் காப்பகம் ஆயிற்றே! "இத்தன சனத்தப் பாத்து அதுதாம்ட்டி பயந்து ஓடியிருக்கும்"னுட்டு அத்தை திரும்பிப் படுத்துட்டாங்க.

அமாவாசை அன்றைக்குத்தான் ராஜாவைப் பார்த்தேன். சிங்கம்பட்டி ஜமீன், முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள். ராஜ உடுப்பில், தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரில் ஜனங்கள் பூக்குழி இறங்குகிறார்கள். 1948-ல் வந்த சட்டத்தில் ஜமீன் போயிற்று. அதிகாரம் கிடையாது, வரி கிடையாது. ஆனால் அந்த ஒருநாள் அந்த ஆசனத்துக்கு எதிரே கும்பிடாத கை இல்லை. அவர் 2020 மே மாதம் காலமாகும் வரைக்கும் அதுதான் வழக்கம். பிரம்பு வாள் எடுத்து யாரும் அவரை ஜெயித்து அங்கே உட்கார முடியாது. எதிரணி நண்பரே, வேஷம் என்றால் கலைக்கலாம். இதை எங்கே கலைப்பது?

அதைவிடப் பெரிசு ஒன்று பார்த்தேன். பட்டவராயன் சந்நிதியில் புதுச் செருப்பு! தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். எங்க ஊரில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போவோம். இங்கே செருப்பே காணிக்கை. அத்தைதான் கதை சொன்னாங்க. முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை. செருப்புத் தைக்கிற பகடை வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காமேல் ஆசைப்பட்டான். பூணூலைக் கழற்றிவிட்டு, மாமனார் தொழிலையே தன் தொழிலாக எடுத்துக்கொண்டு, அவர்களைக் கட்டினான். மாமனாருடைய மாட்டைக் கள்ளர் கொண்டுபோனபோது சண்டை போட்டுச் செத்தான். அவன்தான் சாமி. கட்டின செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்திருக்குமாம். சாமி போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறாராம்.

இப்போ ஏட்டைப் பாருங்க. இந்த வில்லுப்பாட்டைப் பதிப்பித்த நம்ம நெல்லைப் பேராசிரியர் நா. வானமாமலை ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். பிற்பாடு யாரோ பாட்டில் கை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகளாம். பகடை எடுத்து வளர்த்தாராம்! எதுக்கு இந்தத் திருத்தம்? அந்தக் கல்யாணம் உறுத்தியிருக்கிறது. ஏட்டில் நாலு வரி சேர்த்தால் சாதியை மாற்றிவிடலாம். ஆனால் செருப்பை என்ன பண்ணுவீங்க ஐயா? பாட்டைத் திருத்தின கை, சந்நிதியில் தொங்குகிற அந்தத் தோலைத் திருத்த முடியலையே! (கைதட்டல்)

எதிரணி இந்த இடத்தில் என்னை மடக்கியிருக்கலாம். மடக்கவில்லை, நானே சொல்கிறேன். அதே ஜமீன் காட்டில் 8,373 ஏக்கர் 1929-ல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போயிற்று. அதுதான் மாஞ்சோலை. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளின பெண்களுக்கு எந்த ஆடி அமாவாசையில் ஆசனம் போட்டோம்? 2024-ல் கம்பெனி வேலையை நிறுத்தி, வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது அவர்களுக்காக உறுமி கொட்டினது யார்? வழக்கத்துக்கும் வசதியான மறதி உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. 1999 ஜூலை 23-ந் தேதி அந்தத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தவர்களைப் போலீசார் தடியால் அடித்து விரட்டினபோது, 17 பேர் உயிர் போயிற்று. பெரும்பாலும் இதே தாமிரபரணியில் மூழ்கித்தான் செத்தார்கள். அதுவும் ஆடி மாதம்தான். அதற்கு விசாரணைக் கமிஷன் போட்டார்கள்; அறிக்கையும் வந்தது. அந்த ஏட்டை இந்தச் சபையில் எத்தனை பேர் படித்தீர்கள், கை தூக்குங்கள்? (அமைதி) ஜூலை 23 அன்றைக்குக் காலையில் கொக்கிரகுளம் பக்கம் போய்ப் பாருங்கள். வருஷாவருஷம் ஆற்றில் பூப் போடுகிறார்கள்.

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார்கள்.